எங்கள் வீட்டில் யார் யார் பெற்றோர்

என் தம்பி டெக்சஸில் இருக்கிறான். அவன் பிள்ளைகள் இருவரும் அங்கே ஒரு சார்ட்டர் பள்ளியில் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கூப்பிடுவான். பேச்சு வெயிலில் தொடங்கும், அவனுக்கு அதிகம், எனக்குக் குறைவு. பிறகு எப்படியும் அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் வந்து நிற்கும். எங்கள் மகளுக்கு மொன்றியலில் ஒரு மாற்றுப் பள்ளியில் இடம் கிடைத்த ஆகஸ்ட் மாதம், "எங்களுக்கும் இப்ப சார்ட்டர் இருக்குடா" என்று நானும் சொன்னேன்.

"உங்க ஊர்ல சார்ட்டர்னா ஃப்ரெஞ்சு சட்டம்னு சொல்லுவியேண்ணா?"

"அது பெரிய சார்ட்டர். இது பள்ளிக்கூடத்து சார்ட்டர்."

அவன் சொன்னதும் சரிதான். இந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னால் பேருந்து ஓட்டுநர் முதல் பல் மருத்துவர் வரை எல்லோருக்கும் மொழிச் சட்டம்தான் நினைவுக்கு வரும். அதன்படி எங்கள் மகள் பிரெஞ்சில் படிக்கிறாள். அதில் எங்களுக்கு விவாதம் ஒன்றும் இல்லை. நான் சொன்னது வேறு. தம்பியின் ஊரில் சார்ட்டர் என்பது பள்ளியை நடத்துபவர்களுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். மாநிலம் பணம் தருகிறது, பாடத்தை உன் இஷ்டப்படி நடத்திக்கொள் என்று விடுகிறது, சரியாக நடத்தாவிட்டால் இழுத்து மூடுகிறது. பெற்றோருக்கு அதில் பெரிய வேலை கிடையாது. கட்டணம் இல்லை, குலுக்கலில் பெயர் வர வேண்டும், பிடிக்காவிட்டால் வட்டாரப் பள்ளிக்குத் திரும்பிப் போகலாம், என்றாவது பள்ளியை மூடினால் வேறு இடம் தேட வேண்டும். எங்கள் பள்ளியிலும் கட்டணம் இல்லை, அரசுப் பள்ளிதான், குலுக்கலும் உண்டு. ஆனால் சார்ட்டரில் கையெழுத்துப் போடுவது பெற்றோர். மாதம் இரண்டு வியாழக்கிழமை காலை பள்ளிக்கு வந்து ஒரு வகுப்பில் ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டும், அல்லது சொல்லிக்கொடுப்பவருக்கு உதவ வேண்டும். வராத குடும்பங்களைப் பற்றிப் பள்ளிக் குழு ஜனவரியில் பேசும். இடம், காத்திருக்கும் அடுத்த பிள்ளைக்குப் போகலாம்.

தம்பி உடனே கணக்குப் போட்டான். "அப்போ எங்க ஊர்ல தப்பாச்சுன்னா ஸ்கூலை மூடுவாங்க. உங்க ஊர்ல உன்னை மூடுவாங்க."

சிரித்துவிட்டு வைத்தேன். ஆனால் பள்ளியில் கிடைத்த அந்த இடம் எங்களுக்குச் சிரிக்கிற விஷயம் இல்லை. முந்தைய பள்ளியில் எங்கள் மகள் இரண்டாம் வகுப்பு முழுவதும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் மூன்று மொழியில் சண்டை பிடிப்பவள், அங்கே மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பிரெஞ்சு புரிகிறதா என்று அந்த ஆசிரியை எங்களிடம் மிக மெதுவாக, நாங்கள்தான் செவிடர்கள்போல, கேட்டார். புதுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒன்றாக ஓர் அறையில் பாதி நேரம் தரையில் உட்காரும். சேர்ந்த இரண்டாவது வாரம் ஆசிரியை வாசலில் என்னைப் பிடித்து, உங்கள் மகள் மற்றவர்களுக்கும் கொஞ்சம் பேச இடம் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றார். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு நானும் என் மனைவியும் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மங்கிவிட்டது. அந்தப் புகாரைக் கேட்க நாங்கள் ஒரு வருடம் காத்திருந்தோம்.

ஆகவே வியாழக்கிழமைக்கு ஒரு வழி தேட வேண்டியிருந்தது. என் மனைவி மருத்துவமனை ஆய்வகத்தில் காலைப் பணி. நான் விமான உதிரிபாகங்கள் வரையும் அலுவலகத்தில் இருக்கிறேன். வியாழன் காலைதான் வாரக் கூட்டம்.

சார்ட்டரைத் திரும்ப வாசித்தேன். 'பராங்' பங்கேற்க வேண்டும் என்று இருந்தது. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குத் தாய் தந்தை என்று பொருள். அகராதியில் அதற்குக் கீழே இரண்டாவது பொருளும் இருந்தது: உறவினர். மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் குடும்ப மரம் வரைந்தபோதும் மாமா, அத்தை, ஒன்றுவிட்ட சகோதரர் எல்லோரையும் பராங் என்றுதான் சொல்லித் தந்தார்கள். செப்டம்பரில் பெற்றோர் கூட்டம் நடந்தது. புதன்கிழமை, மழை. என் மனைவி செவ்வாய் என்கிறாள், அது தவறு. வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிபார்த்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியையிடம் கேட்டேன்: "எல்லா பராங்கும் வரலாமா?"

அவர் முகம் மலர்ந்தது. "எல்லோரும் வரலாம் முசியூ. எத்தனை பேர் வந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்."

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி யாழ்ப்பாணம், நான் திருச்சி. எங்கள் வாக்குவாதங்கள் இரண்டு தமிழிலும் நடக்கும்.

"இஞ்சருங்கோ, அவை தாய் தேப்பனைத்தான் சொல்லியிருப்பினம்."

"அகராதியில ரெண்டாவது அர்த்தம் இருக்கு."

"அப்ப முதலாவது அர்த்தம் எங்க போனது?"

"முதலாவதுக்கு வேலை இருக்கு."

அவள் உறவுகள் எல்லோரும் மொன்றியலைச் சுற்றித்தான் இருக்கிறார்கள். லாசாலில் அவள் அக்காவும் அக்காவின் கணவரும். என் மகளுக்கு அவர் பெரியப்பா. புரோசார்டில் அவள் தங்கை, அதாவது மகளின் சின்னம்மா. பெரியப்பா பாண், அதாவது ரொட்டி, செய்யும் தொழிற்சாலையில் மாலைப் பணி செய்கிறார், காலையில் ஓய்வு. தொழிற்சாலையில் கற்ற அவருடைய பிரெஞ்சு, இலக்கணம் எதையும் தொடாமல் என்னுடையதைவிட வேகமாக ஓடும். நான் அவரை அண்ணை என்று கூப்பிடப் பழகிவிட்டேன்.

"தம்பி, நான் அந்தப் பிள்ளையளுக்கு என்னத்தைப் படிப்பிக்கிறது?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சது எதுனாலும் சரிண்ணை."

"எனக்குத் தெரிஞ்சது பாணும் முந்நூற்றிநாலும். பாண் சுட அங்க வசதி இராது. அப்ப முந்நூற்றிநாலு."

முந்நூற்றிநாலு என்பது யாழ்ப்பாணத்தில் ஆடும் சீட்டாட்டம். நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். சீட்டுக்களின் புள்ளிகளைக் கூட்டினால் முந்நூற்று நான்கு வரும், அதுதான் பெயர். அதில் ஜாக்தான் எல்லோருக்கும் மேலே, ராசா ஏறக்குறைய அடியில். இத்தனை புள்ளி எடுப்போம் என்று அதிகம் கேட்டவர் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்து மறைத்துக்கொள்வார். கூட்டாளிக்கும் அதைச் சொல்லக் கூடாது. தோற்றவர் காதில் குணுக்கு மாட்ட வேண்டும். குணுக்கு என்றால் காதில் தொங்கும் எதுவும். பெரியப்பா காகிதத்தை முறுக்கிச் செய்தார். பள்ளியில் நான் அதைக் 'கணிதம்: கூட்டல்' என்று பதிந்தேன்.

முதல் வியாழன் மாலை என் மகள் இரண்டு காதிலும் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தாள். அடுத்த முறை அவள் தோழிகளும் அப்படியே பேருந்தில் ஏறினார்கள். ஒரு பையன் அதைப் பிரெஞ்சுச் சொல் என்றே நினைத்து, நம் மொழியில் துரும்பு என்று ஒரு சொல் இருக்கிறது என்று கியூபெக் பாட்டியிடம் சொன்னானாம். புரோசார்டிலிருந்து சின்னம்மாவும் அக்டோபர் கடைசியில் பாலம் தாண்டி வந்து கதை வாசித்தாள். பெரியப்பாவுக்கோ வியாழன் வந்தால் தனி உற்சாகம். அவரே ஒரு நாள் தொலைபேசியில் சொன்னார்.

"தம்பி, அந்தப் பெடியள் எவ்வளவு மரியாதை தெரியுமே. எல்லாம் என்னைப் பெரியப்பா எண்டுதான் கூப்பிடுதுகள்."

"தமிழ்லயாண்ணை?"

"இல்லை, பிரெஞ்சிலதான். எங்கட பிள்ளை சொல்லிக் குடுத்திருக்கிறாள். ரீச்சரும் அப்பிடித்தான் கூப்பிடுறா."

பிரெஞ்சில் பெரியப்பாவுக்குச் சொல்லே இல்லை. அதை அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். அந்த நேரம் காரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் என்.டி.ஜி. பகுதியில் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய சிந்தனை கிடையாது.

டிசம்பர் தொடக்கத்தில் தலைமையாசிரியை என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். "முசியூ, ஜனவரியில் குழு கூடுகிறது. உங்களையோ மதாமையோ இதுவரை ஒரு முறைகூட நாங்கள் பார்க்கவில்லை."

"ஒரு வியாழனைக்கூட நாங்கள் விட்டதில்லையே."

"உங்கள் குடும்பத்தவர் வருகிறார்கள். அவர்களைப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் கேட்பது பராங்கை."

"அவர்கள்தான் பராங்."

பிறகு அவர், "வியாழக்கிழமை வாருங்கள், பேசுவோம்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கூட்டத்துக்கு விடுப்புச் சொன்னேன். மனைவி பணியை மாற்றிக்கொண்டாள். காரில் அவள் முதலாவது அர்த்தம் என்று ஒரே ஒரு முறை மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பெரியப்பாவுக்கும் அன்று சீட்டு வகுப்பு. "நானும் வாறன், எனக்கு முன்னால அவை என்ன சொல்லுகினம் எண்டு பாப்பம்" என்று பேருந்தில் வந்து சேர்ந்தார். நல்ல பனி. அந்த வாரம்தான் தலைக்கு மை பூசியிருந்தார், தொப்பியைக் கழற்றியபோது மீசையும் தலையும் ஒரே கறுப்பாக மின்னின. வயது ஐம்பது ஆகவில்லை.

தலைமையாசிரியை எழுந்து, இருந்த ஒரே பெரிய நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். "உட்காருங்கள் முசியூ. உங்கள் வயதில் இந்தப் பனியில் பேருந்து ஏறி வருகிறீர்கள். எங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்."

பெரியப்பா உட்காராமல் என்னைப் பார்த்தார். "தம்பி, எந்த வயசைச் சொல்லுறா?"

தலைமையாசிரியை தொடர்ந்தார். தாத்தா பாட்டிகள் பள்ளிக்கு வருவது அழகான விஷயம், ஆனால் சார்ட்டர் பெற்றோரைப் பற்றியது என்றார். என் மனைவிதான் முதலில் புரிந்துகொண்டாள். கழுத்துத் துண்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. அதே நேரம் இடைவேளை மணி அடித்து, பெரியப்பாவை வகுப்புக்குக் கூட்டிப்போக எங்கள் மகள் வாசலில் வந்து நின்றாள்.

"பிள்ளை, இஞ்ச வா. ரீச்சருக்குப் பெரியப்பாவை ஆர் எண்டு சொன்னனி?" என்று கேட்டாள் மனைவி.

"கிரான்-பப்பா."

இந்த ஊரில் தாத்தாவைக் கூப்பிடும் சொல் அது.

"ஏன் அப்பிடிச் சொன்னனி?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள். "பெரிய எண்டா கிரான். அப்பா எண்டா பப்பா."

"ஓங்கிள் எண்டு சொல்லியிருக்கலாமே?"

"ஓங்கிள் எண்டா மாமா. இவர் மாமா இல்லையே."

"அப்ப சின்னம்மா?"

"பெத்தித் மமான்." அதாவது சின்ன அம்மா.

தவறு எங்கே என்று காட்ட என்னாலேயே முடியவில்லை. என் மகள் ஒவ்வொரு சொல்லாகச் சரியாகப் பெயர்த்திருந்தாள். தாத்தாக்கள் இருவரையும் அவள் பார்த்ததில்லை. அந்தப் பிரெஞ்சுச் சொல் அவளிடம் ஆளில்லாமல் சும்மா கிடந்தது.

பெரியப்பா மெதுவாகக் கேட்டார். "அப்ப இவ்வளவு நாளும் இவை என்னைக் கிழவன் எண்டோ கூப்பிட்டவை?"

"கிழவன் எண்டு இல்லை அத்தான். தாத்தா எண்டு" என்றாள் மனைவி.

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

நான் வழக்கை எடுத்து நடத்தினேன். எங்கள் மொழியில் தாயின் அக்காள் பெரிய அம்மா, தங்கை சின்ன அம்மா, அவர்கள் கணவர்கள் பெரிய அப்பாவும் சின்ன அப்பாவும், எனவே இந்தப் பள்ளிக்கு ஒரு பெரிய அப்பாவும் ஒரு சின்ன அம்மாவும் வந்து போயிருக்கிறார்கள், சார்ட்டரின் சொல்லுக்கு இது பொருந்துகிறது, அகராதியும் அதற்குச் சாட்சி என்றேன். என் பிரெஞ்சு அதற்கு முன்பும் பிறகும் அவ்வளவு நன்றாக ஓடியதில்லை.

தலைமையாசிரியை முழுவதும் கேட்டார். மனம்விட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அருமை முசியூ. ஆனால் எனக்கு ஆள் பற்றாக்குறை இல்லை. உதவிக்கு ஆள் மட்டும் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்து மாணவர்களைக் கூப்பிட்டிருப்பேன். ஒவ்வொரு வியாழனும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ உள்ளே வருகிறார். உன் அப்பா எப்போது வருவார் என்று மற்றவர்கள் உங்கள் மகளிடம் கேட்கிறார்கள். அவர் விமானம் செய்துகொண்டிருக்கிறார் என்கிறாள். இப்போது எல்லோரும் அதையேதான் கேட்கிறார்கள்."

"எதை?"

"அந்த விமானம் இன்னும் முடியவில்லையா என்று."

நான் மகளைப் பார்த்தேன். அவள் பெரியப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நேரம் போட்டுது, வாங்கோ" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அந்த வகுப்பு இனிக் கணக்கில் வராது என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கிழவனாகவே போனார்.

அன்று மாலை அலுவலகத்தில் கேட்டேன். மாதத்தில் ஒரு வியாழன் தாமதமாக வருகிறேன், இரவு இருந்து ஈடு செய்கிறேன் என்றேன். வாரக் கூட்டத்தை நடத்தும் மேலாளர், "தாராளமாக" என்றார். உண்மையில் அந்தக் கூட்டத்தில் நான் ஆகஸ்ட் முதல் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். மனைவி இன்னொரு வியாழனை எடுத்துக்கொண்டாள்.

என் முதல் வகுப்புக்கு நான் ஒழுங்காகத் தயார் செய்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் நடந்தவற்றை நீளமான காகிதத்தில் காலவரிசையில் எழுத வேண்டும்: யார் எப்போது பிறந்தார், எப்போது வீடு மாறினோம், பூனை எப்போது வந்தது. எந்தத் தேதியை எப்படி உறுதி செய்வது என்றும் விளக்கினேன். பிள்ளைகள் மிக மரியாதையாகக் கேட்டார்கள். நாற்காலி எதுவும் அசையவில்லை. ஒருவன் கை தூக்கினான். பூனை செத்த தேதியைக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"கிரான்-பப்பா இன்றைக்கு வரமாட்டாரா?"

அவர் வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் சீட்டுக்கட்டு. "சும்மா, இந்தப் பக்கம் வந்தனான்" என்றார். லாசாலிலிருந்து சும்மா வருவதற்கு இரண்டு பேருந்து மாற வேண்டும்.

காலவரிசையைச் சுருட்டி வைத்தேன். ஒரு மேசையில் நான்காவது ஆள் இல்லை என்று என்னை உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் கூட்டாளியாக என் மகள். அவள் பெரிதாகக் கேட்டாள், துரும்பைக் கவிழ்த்து வைத்தாள், என் கண்ணைப் பார்க்கவே இல்லை. மனைவி வீட்டில் எத்தனையோ விருந்தாளிகளோடு அந்த ஆட்டம் நடந்திருக்கிறது. நான் எப்போதும் பக்கத்து அறையில் வாசித்துக்கொண்டிருப்பேன். கையில் ராசா இருந்தது. கம்பீரமாக இறக்கினேன். எதிரணிச் சிறுமி ஒன்பதை வைத்து அதை அள்ளிக்கொண்டாள்.

"அப்பா, இஞ்ச ராசாவுக்கு மதிப்பில்லை" என்றாள் என் மகள்.

தோற்றோம். பெரியப்பாவே குணுக்கை முறுக்கி என் காதில் மாட்டினார். அதை அவர் தேவைக்கு அதிகமான கவனத்தோடு செய்ததாக எனக்குப் பட்டது. அந்த நேரம் கதவு திறந்தது. தலைமையாசிரியையும், பள்ளிக் குழுவில் இருக்கும் ஒரு தாயும் நின்றார்கள். வராத குடும்பம் வந்திருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள். இரண்டு காதிலும் காகிதம் தொங்க எழுந்து நின்று போன்ழூர் சொன்னேன். குழுத் தாய் என் மகளைப் பார்த்தார். அவளுக்கும் இரண்டு காதிலும் காகிதம்.

அந்தக் காகிதங்களோடுதான் அலுவலகம் போய்ச் சேர்ந்தேன் என்பதை மேலாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஜனவரியில் குழு எங்களைப் பற்றி அதிகம் பேசவில்லையாம். இடம் இருக்கிறது என்று தலைமையாசிரியை வாசலில் சொன்னார். மகளிடம் சொன்னோம். இடம் போகவிருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது என்றுதான் நினைத்திருந்தோம். "எனக்குத் தெரியும். அதுதான் அண்டைக்குப் பெரிசாக் கேட்டனான்" என்றாள். சீட்டில் பெரிதாகக் கேட்பதற்கும் பள்ளியில் இடத்துக்கும் என்ன தொடர்பு என்று நான் கேட்கவில்லை. அந்த ஆட்டத்தில் கூட்டாளியிடம் கேட்கக் கூடாது.

அடுத்த செப்டம்பரில் புதிய சார்ட்டர் வந்தது. பராங் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'அதாவது தாய், தந்தை அல்லது பாதுகாவலர்' என்று சேர்த்திருந்தார்கள். கீழே ஒரு புது வரி: மற்ற உறவினர்களும் மகிழ்ச்சியோடு வரவேற்கப்படுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் வாசித்துக் காட்டினேன்.

"உங்க சார்ட்டர்ல உன்னால ஒரு வரி மாறியிருக்கா?" என்று கேட்டேன்.

"எங்க சார்ட்டரை நான் பார்த்ததே இல்லண்ணா" என்றான்.

பெரியப்பா இப்போதும் வருகிறார். தலைக்கு மை பூசுவதை நிறுத்திவிட்டார். பதவிக்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டாமா என்கிறார். அந்த ஆண்டின் முதல் வியாழன், வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியப்பாவுக்கு முன்னால் ஏற்கெனவே ஒரு வரிசை நின்றது. நான் பக்கத்தில் காகிதம் கிழித்துக் குணுக்கு முறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அது கிரான்-பப்பா என்று தெரியும். இவர் யார்?" என்று என் மகளிடம் கேட்டாள்.

என் மகள் சீட்டைப் பிரித்தபடியே, தலை நிமிராமல் சொன்னாள்.

"அவரோ? சும்மா என்ர பப்பா."